கேக் மணக்கும் சென்ட்டும் கழுத்துக் கருமையும்

கழுத்துக் கருமை என்று வருபவர்களிடம் என்ன க்ரீம் போடுகிறீர்கள், என்ன செயின் அணிகிறீர்கள் என்று கேட்பது தோல் மருத்துவர்களின் வழக்கம். கொஞ்ச காலமாக நான் இன்னொன்றையும் கேட்கிறேன்: "கேக், குக்கீ வாசனையில் ஏதாவது அடிக்கிறீர்களா?" வெறுமனே "சென்ட் போடுவீர்களா?" என்று கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். வனிலா பாடி மிஸ்ட், சின்னமன் ரோல் மணக்கும் லோஷன், கேரமல் லிப் பாம் எல்லாம் அவர்கள் கணக்கில் சென்ட்டே இல்லை. ஒரு கல்லூரி மாணவியின் அம்மா சொன்னார்: "சென்ட்டுன்னா காட்டமா இருக்கும் டாக்டர், அது இவளுக்கு ஒத்துக்காது. இது வெறும் பிஸ்கட் வாசனைதான், ஒண்ணும் பண்ணாது."

இதைப் பல வீடுகளில் அப்படியே நம்புகிறார்கள். தின்பண்டத்தின் மணம் என்றதும் யோசிப்பதை விட்டுவிடுகிறோம்.

இந்த வகைக்குக் கூர்மாண்ட் பெர்ஃப்யூம் என்று பெயர். வனிலாவின் மணப்பொருளான வனிலினை 1874இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற வேதியியலாளர்கள் இருவரும் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1889இல் பிரெஞ்சு நிறுவனமான கெர்லைன் கொண்டுவந்த 'ஜிக்கி' என்ற சென்ட்டில் அது இடம்பிடித்தது. மிட்டாய்க் கடை மணத்தையே மையமாக வைத்துப் பெரிய வெற்றி கண்டது 1992இல் வந்த தியரி முக்லேர் நிறுவனத்தின் 'ஏஞ்சல்' சென்ட். பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டால் அதில் தாராளம். இப்போது வெண்ணெய், பாதாம், பட்டை எல்லாம் சேர்ந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பலகாரம்போலவே மணக்கிறது.

இதில் எல்லாமே தோலுக்குப் பகை இல்லை. எத்தில் மால்ட்டாலால் அலர்ஜி வந்து நான் பார்த்ததில்லை. வனிலினால் வருவதும் அரிது. அடிக்கடி தொல்லை கொடுப்பவை பட்டை மணம் தரும் சின்னமாலும் கிராம்பு மணம் தரும் யூஜினாலும்தான். "பிரியாணியில் போட்டுச் சாப்பிடுகிறோமே, அப்போது வராதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உணவாக உள்ளே போவதைப் பெரும்பாலும் சகித்துக்கொள்ளக் குடல் பழகியிருக்கிறது. தோலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூலக்கூறு எடை 500க்குக் கீழே இருந்தால் தோலின் மேலடுக்கைத் தாண்டிவிடும். சின்னமாலின் எடை 132தான். உள்ளே போனதும் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பு செல்கள் அதை அந்நியப் பொருளாகப் பதிந்துவைத்துக்கொண்டால், அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

"ஆறு மாசமா போடறேன் டாக்டர், இப்ப மட்டும் எப்படி வரும்?" என்பதற்கும் இதுதான் பதில். அந்த ஆறு மாதமும் தோல் சும்மா இருக்கவில்லை. இன்னொரு சிக்கல், அரிப்பு உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும். சனிக்கிழமை கல்யாணத்துக்கு அடித்ததற்குத் திங்கட்கிழமை அரிக்கும். பழி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கருவாட்டின் மேலோ கத்தரிக்காயின் மேலோ விழும்.

நம் மாநிறத் தோலில் நான் அதிகம் கவலைப்படுவது அரிப்பைப் பற்றியல்ல, கருமையைப் பற்றி. சிலருக்குச் சிவப்பும் இல்லாமல் அரிப்பும் இல்லாமல் காதுக்குக் கீழும் முன்கழுத்திலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் வலைப்பின்னலாகப் படரும். தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாகவே இருக்கும். உடல்பருமன், இன்சுலின் கோளாறால் வரும் கருமை வேறு: அது பின்கழுத்து மடிப்பில் தடிப்பாக இருக்கும். சென்ட் அடிக்கும்போது துளிகள் நேராகப் படும் குரல்வளை மேட்டில் மட்டும் கருமையோ சொரசொரப்போ இருந்தால் எனக்குச் சந்தேகம் சென்ட்டின் மேல்தான். இதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும்.

ஜப்பானில் 1970களில் பெண்களின் முகத்தில் இதே மாதிரிக் கருமை நிறையவே வந்தது. மருத்துவர்கள் சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து, அழகுசாதனங்களிலிருந்த சில வாசனைப் பொருள்களும் சாயங்களும்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1977 வாக்கில் பெரிய நிறுவனங்கள் அவற்றைத் தவிர்க்கத் தொடங்க, புதிய நோயாளிகள் வெகுவாகக் குறைந்தார்கள். நான் இதை அடிக்கடி சொல்வதற்குக் காரணம் உண்டு: காரணத்தை நிறுத்தாமல் எந்த க்ரீம் போட்டும் இந்தக் கருமை போகாது.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. ஊசி கிடையாது. முதுகில் சிறு சிறு கிண்ணங்களில் சந்தேகப் பொருள்களை வைத்து டேப் ஒட்டுவோம். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. பிரித்ததும் ஒருமுறை, நான்காவது நாள் வாக்கில் இன்னொருமுறை பார்ப்போம். இதிலுள்ள 'ஃப்ராக்ரன்ஸ் மிக்ஸ்' என்ற கலவையில் எட்டுப் பொருள்கள்; அவற்றில் நான்கு பட்டை, கிராம்பு சார்ந்தவை. நீங்கள் பயன்படுத்தும் பாட்டிலையும் கொண்டுவாருங்கள். கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு, ஆல்கஹால் காய்ந்ததும் ஒட்டிப் பார்த்துவிடலாம்.

வாங்கும்போது பாட்டிலைவிட அட்டைப்பெட்டியைப் படியுங்கள். ஐரோப்பாவில் 2005 முதல் 26 வாசனைப் பொருள்களை, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பெயர் சொல்லி அச்சிட்டாக வேண்டும். 2023இல் வந்த சட்டம் இதை 80க்கும் மேலாக்கியது; புதிதாக விற்பனைக்கு வரும் அழகுசாதனங்களுக்கு அது 2026 ஜூலை 31 முதல் கட்டாயம். சின்னமால், யூஜினால், கூமரின் என்று பெயர்கள் தெரிந்தால் தவிர்க்க வழி உண்டு. வெறுமனே 'பெர்ஃப்யூம்' என்று மட்டும் போட்டிருந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. 'நேச்சுரல்' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள்: பட்டைத் தைலத்தில் பெரும்பங்கு அதே சின்னமால்தான். 'அன்சென்டட்' என்பதிலும் வாடையை மறைக்க ஏதாவது சேர்த்திருக்கலாம்.

ரீல்ஸ் பார்த்துவிட்டு ஒரே வாசனையில் சோப், லோஷன், எண்ணெய், மிஸ்ட் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் பழக்கத்தை விடுங்கள். ஒரே அலர்ஜிப் பொருள் நாலு தடவை ஏறுகிறது. சென்ட் பிடிக்கும் என்றால் உடையில் அடியுங்கள், கழுத்தில் வேண்டாம். வெள்ளைச் சட்டையும் பட்டும் கூடாது. வனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும், கறை பிடிக்கும். ஷேவிங், வேக்ஸிங் செய்த அன்று எதுவுமே வேண்டாம். ஏற்கெனவே கறுத்திருந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்காதீர்கள். வாசனையுள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாருங்கள். நிறம் திரும்பப் பல மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் இன்னொரு விஷயம். சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால், பலவற்றில் 70 முதல் 80 சதவீதம். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு டீஸ்பூன் உள்ளே போனாலே போதை ஏறும். ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கேக் மணக்கிற, டோனட் வடிவிலிருக்கிற பாட்டிலை எது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உணவென்று தோன்றி ஆபத்தை விளைவிக்கும் பொருள்களை ஐரோப்பா 1987லேயே தடை செய்தது. நாம் அதைப் பூட்டி வைக்க வேண்டியதுதான். குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்கவும் கூடாது. 108ஐ அழையுங்கள், பாட்டிலையும் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.