கணக்கில் கழிந்தும் கடைக்குச் சேராத பணம்: நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டு விதி

ரொக்கத்தை விட்டுவிட்டுக் கைபேசியிலோ அட்டையிலோ பணம் செலுத்தத் தயங்குபவர்களிடம் காரணம் கேட்டால், பலரும் சொல்வது இதுதான்: "பணம் நம் கணக்கில் கழிந்து, அந்தப் பக்கம் போய்ச் சேராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?" இந்தக் கேள்விக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்றில் பதில் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதி, தோல்வியடைந்த பரிவர்த்தனையின் பணம் எத்தனை நாளுக்குள் வாடிக்கையாளரின் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பதை வகை வகையாக வரையறுக்கிறது. தாமதமானால் பெரும்பாலான வகைகளில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும், வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் அதை வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ரொக்கத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட யுபிஐ வழியாக 2025 ஆகஸ்டு மாதம் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன என்பது உண்மை. ஆனால் 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த ரொக்கப் புழக்கம், 2024 மார்ச்சில் ஏறத்தாழ 35 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்திருந்தது என்பதும் உண்மை. அன்றாடச் செலவுக்குக் கைபேசியை நீட்டுகிறவர்களும் அவசரத்துக்கென்று நோட்டுகளை வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு. பணம் நடுவழியில் நின்றுபோனால் கேட்பாரில்லை என்ற எண்ணமும் அவற்றுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

மருந்துக்கடையில் நிற்கிறீர்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, தொகையைப் போட்டு, ரகசிய எண்ணையும் அழுத்திவிட்டீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கியிலிருந்து 640 ரூபாய் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கல்லாவின் மேலிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியோ வாய் திறக்கவில்லை. கடைக்காரர் தம் கணக்கில் வராத பணத்துக்கு மருந்தைக் கொடுக்கத் தயங்குகிறார். அவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை தோல்வியடைந்த பரிவர்த்தனை என்று சொல்வது இதைத்தான்: தகவல் தொடர்பு அறுந்துபோவது, ஏடிஎம்மில் பணம் இல்லாமல் போவது, நேரம் கடந்து இணைப்பு முடிந்துவிடுவது போன்ற, வாடிக்கையாளர் பொறுப்பாக முடியாத காரணத்தால் முழுமை பெறாத பரிவர்த்தனை.

கால வரம்பைக் கணக்கிடும்போது பரிவர்த்தனை நடந்த நாளைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். இங்கே எண்ணப்படுபவை நாட்காட்டி நாட்கள்; ஞாயிறும் விடுமுறையும் கழிக்கப்படுவதில்லை. யுபிஐ வழியாக ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கழிந்தும் பெறுநர் கணக்கில் சேரவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் அது திரும்பிவிட வேண்டும். ஐஎம்பிஎஸ் எனப்படும், வங்கிக் கணக்குகளுக்கிடையே உடனடியாகப் பணம் அனுப்பும் முறைக்கும் இதே ஒரு நாள்தான். மேலே சொன்ன மருந்துக்கடையைப் போல வணிகருக்குச் செலுத்தும்போது உறுதிச் செய்தி வந்து சேராவிட்டால், ஐந்து நாள் அவகாசம் உண்டு. கடையில் அட்டையைத் தேய்க்கும் கருவியிலும் இணையவழி அட்டைப் பரிவர்த்தனையிலும் நேரும் தோல்விக்கும், ஏடிஎம்மில் கணக்கில் கழிந்தும் பணம் வெளியே வராத நிலைக்கும் அதே ஐந்து நாட்களே வரம்பு. இவை உச்ச வரம்புகள் மட்டுமே. இதைவிட விரைவாகத் தீர்க்க வங்கிகள் முயல வேண்டும் என்றும் சுற்றறிக்கை எதிர்பார்க்கிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைகள் இதில் அடங்கா.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதத்தின் 3ஆம் தேதி ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுக்க முயல்கிறீர்கள். பணத்தை எண்ணும் சத்தம் கேட்கிறது, ஆனால் நோட்டு எதுவும் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. 8ஆம் தேதி முடிவதற்குள் அந்தத் தொகை திரும்பியாக வேண்டும். 13ஆம் தேதிதான் திரும்பியது என்றால் தாமதம் ஐந்து நாள்; ஆகவே உங்கள் கணக்கில் 5,500 ரூபாய் வரவாகியிருக்க வேண்டும். தோல்வியடைந்த தொகை 200 ரூபாயாக இருந்தாலும் 20,000 ரூபாயாக இருந்தாலும் இழப்பீடு நாளொன்றுக்கு அதே 100 ரூபாய்தான். ஏடிஎம் தோல்விகளுக்கு 2011ஆம் ஆண்டிலேயே இதே 100 ரூபாய் இருந்தது. ஆனால் அப்போது வாடிக்கையாளர் 30 நாளுக்குள் புகார் கொடுத்திருந்தால்தான் அது கிடைத்தது. 2019 விதி அந்தச் சுமையை வாடிக்கையாளரின் தோளிலிருந்து இறக்கி வைத்தது. தொகை உயராதது குறையே. ஆயினும் கேட்காமலே தரவேண்டும் என்பது அதைவிடப் பெரிய முன்னேற்றம்.

இந்த விதி மிகவும் தேவைப்படுவது யாருக்கு என்று யோசித்தால், ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவை நம்பியிருப்பவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். முதியோர் உதவித்தொகையையோ நூறு நாள் வேலைக் கூலியையோ எடுக்க, வங்கி முகவரின் சிறு கருவியில் விரல் ரேகை வைக்கும் மூதாட்டியிடம், "ரேகை ஏறவில்லை, நாளைக்கு வாங்க பாட்டி" என்று சொல்லி அனுப்பப்படுகிறது. உண்மையிலேயே ரேகை பதியாமல் போயிருக்கலாம். ஆனால் கணக்கில் பணம் கழிந்து, உறுதிச் செய்தி மட்டும் முகவரின் கருவிக்கு வராமல் நின்றிருக்கவும் கூடும். குறுஞ்செய்தி வரும் கைபேசி அவரிடம் இல்லாவிட்டால், அடுத்த முறை வங்கிக்குச் சென்று பாஸ்புக்கில் பதிவு போடும்வரை அது தெரியவே தெரியாது. இந்தத் தோல்விக்கும் ஐந்து நாள் வரம்பும் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாயும் பொருந்தும். ஆகவே ரேகை வைத்த ஒவ்வொரு முறையும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், கருவியிலிருந்து அச்சாகும் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தோல்வி என்று அச்சான சீட்டுத்தான் அவரிடம் இருக்கக்கூடிய ஒரே சான்று. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், மாதம் ஒருமுறை அந்தச் சீட்டுகளைப் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்துச் சொல்வது பெரிய உதவியாக இருக்கும்.

சில நிலைமைகள் இந்த விதிக்குள் வராது. எண்ணைத் தவறாக அழுத்தி வேறொருவருக்கு அனுப்பிவிட்ட பணம் தோல்வியடைந்த பரிவர்த்தனை ஆகாது. அது வெற்றிகரமாக நடந்து, தவறான இடத்துக்குப் போன பணம். அதற்கு உடனே வங்கியிடம் தெரிவித்து முயல வேண்டுமே தவிர, நாள் கணக்கில் இழப்பீடு கேட்க இடமில்லை. ஏமாற்றி எடுக்கப்பட்ட பணத்துக்கான வழி முற்றிலும் வேறு: 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

திரையில் வட்டம் சுற்றும்போது பதற்றத்தில் அதே தொகையை மறுபடியும் செலுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. முதல் பரிவர்த்தனை பிறகு வெற்றி பெற்றுவிட்டால், கடைக்கு இரண்டு முறை பணம் போயிருக்கும்; அதைக் கடைக்காரரிடம்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். முடிந்தவரை நிலவரம் தெரியும்வரை காத்திருந்து, செயலியின் வரலாற்றுப் பகுதியில் அந்தப் பரிவர்த்தனைக்குரிய 12 இலக்கக் குறிப்பெண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இழப்பீடு தானாக வரவேண்டும் என்பது விதியாக இருந்தாலும், வராத நேரங்கள் உண்டு. எனக்கும் ஒருமுறை அசல் தொகை மட்டும் ஒன்பதாம் நாளில் திரும்பியது. தாமதத்துக்கான பணம் எழுதிக் கேட்ட பிறகே வந்தது. புகாரை உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிடம் கொடுக்க வேண்டும்; ஏடிஎம் வேறு வங்கியுடையது, செயலி வேறு நிறுவனத்துடையது என்பதால் அங்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். "இந்தத் தேதியில், இந்தக் கணக்கிலிருந்து, இந்தக் குறிப்பெண் கொண்ட பரிவர்த்தனையில் இவ்வளவு ரூபாய் கழிந்தும் பெறுநருக்குச் சேரவில்லை. தொகை இந்தத் தேதியில்தான் திரும்பியது. தோல்வியடைந்த பரிவர்த்தனைகள் குறித்த ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, வரம்புக்கு மேற்பட்ட இத்தனை நாட்களுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வரவு வைக்கக் கோருகிறேன்" என்று எழுதினால் போதும். சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிடுவது முக்கியம். நேரில் கொடுத்தால் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியிலோ செயலியிலோ பதிந்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கி மறுத்தாலோ, 30 நாட்கள் ஆகியும் பதில் தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கிகளுக்கும் வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் டிஜிட்டல் பரிவர்த்தனைகளுக்கும் தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்கள் 2021 நவம்பரில் ஒன்றாக்கப்பட்டன. அதனால் எந்தக் குறைதீர்ப்பாளரின் எல்லைக்குள் உங்கள் கிளை வருகிறது என்று தேட வேண்டியதில்லை. கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நீங்கள் எழுத்தில் அதிகாரம் அளித்தால், உங்கள் பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ உங்களுக்காகப் புகார் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். இணையம் எட்டாதவர்கள், வங்கியிடம் கொடுத்த புகாரின் நகலையும் அச்சான சீட்டையும் இணைத்து, சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.