“சும்மாதான் இருந்தேன் மிஸ்”

போன வாரமும் அதே பதில்.

நுவரெலியாப் பக்கம் ஒரு நிறுவனத்துக்குக் களஞ்சிய உதவியாளர் ஒருவரைத் தெரிவு செய்யும் நேர்முகப் பரீட்சைக் குழுவில் இருந்தேன். மனிதவளப் பிரிவில் எனக்கு இது பதினாறாவது வருடம். தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. “ஏ.எல். முடிச்சு மூணு வருஷம் ஆச்சே, இவ்வளவு நாளும் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன். தலை குனிந்தது. “சும்மாதான் இருந்தேன் மிஸ்.”

பக்கத்திலிருந்தவர் புள்ளித் தாளில் ‘அனுபவம்’ என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டார். நானும் போட வேண்டியதாயிற்று.

பின்னேரம் தாள்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினால், அந்தப் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கிறாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது. தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனேன். பேச்சோடு பேச்சாக வந்தது விஷயம். சாவு வீடுகளுக்கு உதவுகிற அவர்கள் தோட்டத்து மரணாதார சங்கத்தின் கணக்கை மூன்று வருடமாக இவள்தான் எழுதுகிறாள். 84 குடும்பம். மாதச் சந்தா, கைமாற்றுக் கொடுத்தது, சாவு வீடுகளுக்குப் போன கதிரை, தகரக் கூடாரம், பெரிய சட்டிகள், எல்லாமே இவளுடைய கொப்பியில். திரும்பி வரும் கதிரைகளை எண்ணி எடுப்பதும் இவள்தான். “இத ஏம்மா உள்ள சொல்லல?” என்றேன். “அது வேலை இல்லியே மிஸ். சும்மா எழுதிக் குடுக்குறது.”

கதிரையை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, குறைந்தால் யாரிடம் நிற்கிறது என்று எழுதி வைப்பதற்குப் பெயர்தான் களஞ்சிய வேலை. அப்படி ஒரு ஆளைத் தேடித்தான் மூன்று பேர் காலையிலிருந்து அந்த மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

தாளில் கையெழுத்து விழுந்த பிறகு புள்ளியைத் திருத்த முடியாது. திருத்தினால் வந்த மற்றவர்களுக்கு அநியாயம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் ‘சும்மா’வை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் இருபது பேருக்கு அந்தியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் ‘சும்மா’ இருந்தானாம். பாட்டியை மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டொக்டர் சிங்களத்தில் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழிலும், பாட்டி சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்திலும் மாற்றிச் சொன்னவள் ‘சும்மா’ இருந்தாளாம். ஐந்து வருடம் கொழும்பில் வயரிங் வேலை செய்துவிட்டுக் கடிதம் இல்லாமல் ஊர் திரும்பியவன்கூட, “பெருசா ஒண்ணும் செய்யல சேர்” என்கிறான்.

சம்பளமும் நியமனக் கடிதமும் இருந்தால்தான் அனுபவம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஒரு பொறுப்பை எடுத்தீர்கள். அதைக் கொஞ்சக் காலம் விடாமல் செய்தீர்கள். அதை நம்பி வேறு ஆட்கள் இருந்தார்கள். இந்த மூன்றும் இருந்தால் அது அனுபவம். சம்பளம் வந்ததா இல்லையா என்பது தனிக் கேள்வி. கடிதம் இல்லாத குறையை விசாரித்துத் தீர்த்துக்கொள்ளலாம், சங்கத் தலைவருக்கு ஒரு கோல் எடுத்தால் போதும். நீங்கள் வாயே திறக்காவிட்டால் எதை விசாரிப்பது?

“நம்மளப் பத்தி நாமளே பேசுனா பெருமை பேசுறதா ஆகிடாதா மிஸ்?” என்று கேட்பார்கள். நிறைகுடம் தளும்பாது என்று பழமொழியும் சொல்வார்கள். குடம் தளும்ப வேண்டாம். ஆனால் குடத்தை மூடிக் கட்டிக் கொண்டு வந்து வைத்தால், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று எதிரே இருப்பவர் எப்படி அறிவார்?

கொழுந்து மடுவத்தில் அம்மாவைப் பாருங்கள். கொழுந்தைத் தராசில் வைத்துவிட்டு எத்தனை கிலோ என்று எட்டிப் பார்ப்பார். கணக்கப்பிள்ளை எழுதுவதையும் பார்ப்பார். தண்ணீருக்கென்று கூடுதலாகக் கழித்தால் அங்கேயே கேட்பார். சம்பளச் சீட்டில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, குறைந்தால் எந்த நாள், எந்த மலை, எத்தனை கிலோ என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். அதை யாராவது பெருமை பேசுவது என்று சொல்கிறோமா? தான் எடுத்ததைத் தான் அறிந்து, இருந்தபடி சொல்கிறார், அவ்வளவுதான். அந்தத் தாயின் பிள்ளைகள் நீங்கள். உங்கள் மூன்று வருடத்தின் கிலோ எத்தனை என்று கேட்டால் ‘சும்மா’ என்கிறீர்களே!

‘நான் மிகவும் திறமைசாலி, கடின உழைப்பாளி’ என்பது பெருமை. ‘84 குடும்பத்தின் சந்தாக் கணக்கை மூன்று வருடம் எழுதினேன்’ என்பது தகவல். எங்களுக்குத் தகவல்தான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அடக்கம் அடக்கம் என்று தகவலை மறைக்கிற அதே பிள்ளைகளின் சுயவிபரக்கோவையில் ‘கடின உழைப்பாளி’ மட்டும் தவறாமல் இருக்கிறது. டவுனில் கொமியுனிகேஷன் கடைக்காரர் பழைய கோப்பைத் திறந்து பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றி அச்சடித்துக் கொடுக்கிறார். ஒரே காலையில் பதினொரு பேரிடம் ஒரே பந்தியை, ஒரே எழுத்துப் பிழையோடு வாசித்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும், நானும் லயத்தில் பிறந்தவள்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்கள் ஆக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்பது என்றாலே பயம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த சனம். ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வாயக் குடுக்காத’ என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பியது நம்மைக் காப்பாற்றத்தான். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் அந்தப் புத்தி உதவாது பிள்ளைகளே. அங்கே பேசாதவருக்கு இடம் இல்லை.

சரி, என்ன செய்வது? ஒரு கொப்பி வாங்குங்கள். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து இன்று வரை, வருடம் வருடமாக, செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். திருவிழாவுக்குப் பணம் சேர்த்தது, தம்பியைப் படிக்க வைத்தது, கடையில் நின்றது, எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண். எத்தனை பேர், எத்தனை மாதம், எவ்வளவு ரூபாய். எண் வந்தால்தான் கேட்பவருக்குக் கண் முன்னால் காட்சி வரும். பிறகு, எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, எதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டீர்கள் என்றும் எழுதுங்கள். இதை யாரும் பார்க்கப் போவதில்லை, பொய் சொல்லாதீர்கள்.

தனியாக யோசித்தால் பாதிதான் வரும். மீதியை அடுத்தவர் சொல்ல வேண்டும். 1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு கட்டமுள்ள ஒரு ஜன்னலை வரைந்து காட்டினார்கள். அவர்கள் பெயரைச் சேர்த்து ஜொஹாரி ஜன்னல் என்பார்கள். அதில் ஒரு கட்டம், என்னைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்து எனக்கே தெரியாதது. அதைத் திறக்க ஒரே வழி கேட்பதுதான். படிப்பித்த ஆசிரியர், கூட வேலை செய்தவர், உங்களோடு ஒருமுறை சண்டை பிடித்தவர் என்று மூன்று பேரைப் பிடியுங்கள். ‘எந்த வேலைக்கு என்னத் தேடுவீங்க? என்கிட்ட எது உங்களுக்குக் கோபம் வரும்?’ இந்த இரண்டு கேள்வி போதும். இரண்டாவதற்குப் பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள்.

உங்களிடம் இருந்தும் நீங்கள் கணக்கில் எடுக்காத சொத்தில் முதலாவது சிங்களம். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவீர்கள், சான்றிதழ் இல்லை என்று சுயவிபரக்கோவையில் எழுதமாட்டீர்கள். ‘பேசுவேன், எழுத வராது’ என்றால் அப்படியே எழுதுங்கள். 2007இலிருந்து அரச சேவையில் சேருகிறவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அதற்காக வகுப்புக்குப் போகிறார்கள், உங்களுக்கோ அது பாதி வந்துவிட்டது. இரண்டாவது, கைத்தொழில். தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி அந்தச் சான்றிதழை எடுக்கவும் வழி இருக்கிறது. வயரிங் தம்பி, நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். இந்த மாதமே போங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ‘இவ்வருடம் செய்த சிறப்பான பணிகள்’ என்ற இடத்தைத் தயவுசெய்து வெறுமையாக விடாதீர்கள். ஆறு வருடம் புதிதாக வந்த எல்லாருக்கும் வேலை பழக்கிவிட்ட ஒரு பெண் இருந்தார். மேற்பார்வையாளர் பதவி அவர் பழக்கிவிட்ட ஒருவருக்கே போனது. படிவங்களை எடுத்துப் பார்த்தால் ஆறு வருடமும் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்தான். பார்த்துக்கொண்டிருப்பார்கள், தானாகத் தருவார்கள் என்று நம்பினாராம். நாற்பது பேருடைய படிவத்தை ஒரே நாளில் புரட்டுகிறவருக்கு, எழுதாதது எதுவும் தெரியாது.

முகவரி. லயம் என்று தெரிந்துவிடும் என்று பயந்து வெள்ளவத்தையில் இருக்கும் சித்தி வீட்டு முகவரியைக் கொடுக்காதீர்கள். ‘அங்க பஸ் எத்தனையாம் இலக்கம்?’ என்று ஒருவர் கேட்டால் முழிப்பீர்கள், அதோடு மற்றப் பதில்களிலும் நம்பிக்கை போய்விடும். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் ‘தோட்டத்தில் வேலை’ என்று நிமிர்ந்து சொல்லுங்கள். (மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் தொழில்காரர்களே, அந்தக் கேள்வியை முதலில் நாம் நிறுத்த வேண்டும். வேலைக்கு வருவது அப்பா இல்லை.) தோட்ட அலுவலகத்துக்கு வரும் கடிதம் கைக்கு வரும்போது திகதி முடிந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வேதனை, ஆகவே தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் மேலேயே பெரிதாகப் போடுங்கள். சிக்னல் கிடைக்காத இடமென்றால் டவுனில் இருக்கும் ஒருவரின் இலக்கத்தையும் சேருங்கள்.

கோட்டு வாடகைக்கு எடுக்க வேண்டாம், தோய்த்து அயன் பண்ணிய உடுப்புப் போதும். ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் மழை விடாது, சப்பாத்தைப் பையில் கொண்டுவந்து வாசலில் மாற்றுங்கள். ஆங்கிலப் பந்தியை மனப்பாடம் செய்து வராதீர்கள், மூன்றாவது வசனத்தில் அறுந்தால் பிறகு தமிழும் வராது. தெரிந்த ஆங்கிலத்தில் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள், முடியாத இடத்தில் தமிழில் சொல்லலாமா என்று கேளுங்கள். சாட்சியாகப் பெயர் கொடுத்த இருவருக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள். முதல் பஸ் பிடிக்கும் அவசரத்திலும் இரண்டு ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு அந்தக் கதிரையில் உட்காராதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அந்தத் தலவாக்கலைப் பிள்ளைக்கும் கொப்பி எழுதச் சொல்லியிருந்தேன். நேற்று வட்ஸ்அப்பில் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மரணாதார சங்கம் முதல் வரியில் இருந்தது. ‘84 குடும்பங்களின் கணக்கு எழுத உதவி செய்தேன்’ என்று எழுதியிருந்தாள். வேறு யார் எழுதினார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லையாம். ‘உதவி செய்தேன்’ என்பதை வெட்டிவிட்டு ‘எழுதினேன்’ என்று மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.