"ஆர்வமே இல்லை" என்று அழைத்து வரப்படும் பிள்ளைகள்

பள்ளியில் மாணவர் ஆலோசகராக வேலை. பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் சொல்வது அநேகமாக இதுதான்: "மூளை இருக்கு சார், ஆர்வம்தான் இல்ல, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." சொல்லலாம். அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசினால் பையன் தலையாட்டுவான், இரண்டு நாள் விடிகாலையில் எழுந்து படிப்பான், அப்புறம் பழைய கதைதான்.

சோம்பேறி என்று பேர் வாங்கிய பிள்ளைகளில் பலர், படித்தும் மார்க் வராமல் வெறுத்துப் போனவர்கள். எப்படிப் படித்தாய் என்று கேட்டால் "ரெண்டு தடவை ஃபுல்லா வாசிச்சேன்" என்பார்கள். புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க மஞ்சள் மார்க்கர் (எல்லா வரியும் முக்கியம் என்றால் மார்க்கர் எதற்கு?). மூடி வைத்துவிட்டு, இப்போது படித்ததை எழுது என்றால் நாலு வரியில் பேனா நின்றுவிடும்.

இதைப் பற்றி ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது; இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்த குழுதான். நம் பிள்ளைகளும் அதே நம்பிக்கையோடு பரீட்சைக்குப் போய், மார்க்கைப் பார்த்ததும் "எனக்கு மண்டையில ஏறாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவு கட்டியவனிடம் போய் எதிர்காலம், லட்சியம் என்று பேசி என்ன பயன்?

அதனால் நான் முதலில் கேட்பது திருத்திய விடைத்தாளைத்தான். கணக்கில் போன மார்க்கை ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்: எது தெரியாமல் போனது, எது தெரிந்தும் போனது. அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது முன்னாலிருக்கும் கழித்தல் குறியை இரண்டாவது உறுப்புக்குப் போடாமல் விடுவது, இந்த ஒரே தப்பு மூன்று நான்கு கணக்கில் வந்திருக்கும். பையன் "இவ்ளோதானா?" என்பான். அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் சரிசெய்யச் சொல்வேன். அடுத்த சிறு தேர்வில் நாலு மார்க் கூடினால் போதும், அடுத்த தப்பை அவனே தேடிக்கொண்டு வருவான். ஆர்வம் பெரும்பாலும் இப்படித்தான், கொஞ்சம் ஜெயித்த பிறகு வருகிறது.

வீட்டில் அந்த நாலு மார்க்கைப் பார்த்து "மத்தவன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எந்தத் தப்பைச் சரிசெய்தாய் என்று கேளுங்கள். முதல் ரேங்க் வாங்கினால் ஃபோன் என்கிற பேரமும் வேண்டாம். கடைசி ரேங்க்கில் இருப்பவனுக்கு அது எட்டாத பரிசு, நன்றாகப் படிப்பவனுக்கோ ஃபோன் கிடைத்ததும் வேலை முடிந்தது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. நன்றாகப் படித்தவன் திடீரென்று இறங்கினால் முறையை விட்டுவிட்டு மற்றதை விசாரியுங்கள்: யாராவது கேலி செய்து துன்புறுத்துகிறார்களா, வீட்டில் சண்டையா, கரும்பலகை சரியாகத் தெரிகிறதா. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, அதுவாவது கிடைக்கிறதா. சொல்லச் சொல்லப் புரிந்துகொள்ளும் பிள்ளை வாசிக்கும்போது மட்டும் எழுத்தெழுத்தாகத் தடுமாறினால், ட்யூஷன் மாற்றுவதற்கு முன் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள்.