14,000-ஐ 900-ஆல் வகுத்தால் வருவது பயண நேரம் அல்ல

பெங்களூரு அல்சூரில் டிராவல்ஸ் நடத்துகிறேன். பேரன் பிறந்திருக்கிறான், அமெரிக்காவுக்கு டிக்கெட் போடணும் என்று வருகிறவர்கள்தான் பாதிப் பேர். போன மாதம் ரிடையரான கணக்கு வாத்தியார் ஒருவர் டைரித் தாளோடு வந்தார்.

“சான்ஃபிரான்சிஸ்கோ 14,000 கி.மீ. வேகம் 900. பதினைந்தரை மணி நேரம் வருது. நீங்க ஏன் தம்பி இருபத்திநாலுன்னு சொல்றீங்க?”

வகுத்தலில் தப்பில்லை. ஆனால் அந்த 14,000 என்பது உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். விமானம் நூல் பிடித்தா போகிறது? காற்றும் மூடிய வான்வெளியும் வழியை மாற்றும். 2016-இல் டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது, நேரமோ குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளியை மூடியதும் கதை தலைகீழ்: டெல்லியிலிருந்து அமெரிக்கா போன சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

தேதிக் குழப்பம் தனி. 2021 ஜனவரியில் பெண் விமானிகளே ஓட்டி வந்த சான்ஃபிரான்சிஸ்கோ–பெங்களூரு முதல் நேரடி விமானம் அங்கே 9-ஆம் தேதி ராத்திரி கிளம்பி, இங்கே 11-ஆம் தேதி விடியற்காலை இறங்கியது. பறந்தது பதினேழு மணி நேரம் சொச்சம்தான். மிச்சம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம் (கோடையில் பன்னிரண்டரை). என் கஸ்டமர் ஒருவரின் மைத்துனர் இந்த வித்தியாசத்தைக் கூட்டாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே தேவனஹள்ளி விமான நிலையத்துக்குக் கார் எடுத்துப் போய் நின்றார். அக்கா வந்தது திங்கள் விடியற்காலை. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1, +2 என்று பொடி எழுத்தில் இருக்கும்; அதை யாரும் பார்ப்பதில்லை.

நடுவில் விமானம் மாறுகிறவர்களுக்கு ஒன்று. பெரும்பாலும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளி என்றால் நான் டிக்கெட் போடவே மாட்டேன். விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பு கிடையாது. பணம் போனது போனதுதான். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். எந்த வேளைக்கு எது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாத்தியார் தாளைத் திருப்பி, இந்த முறை வீட்டு வாசலிலிருந்து கணக்கை ஆரம்பித்தார். ஹெப்பாள் நெரிசலோடு கார் ஒன்றரை மணி, விமான நிலையத்தில் மூன்று, வழியில் நிற்பதையும் சேர்த்து விமானம் இருபத்திநாலு, அங்கே இறங்கி வெளியே வர ஒன்றரை. மொத்தம் முப்பது.

“அப்போ நடுவுல எத்தனை காப்பி?” என்றார்.