மாற்றுக் கட்டுப்படுத்தி: ஒரு சொல் விளக்கம்

ஒயர்லெஸ் பயிற்சிக் கையேடு ஒன்றில் ‘பேக்கப் கன்ட்ரோலர்’ என்பதைக் ‘காப்புப்பிரதிக் கட்டுப்படுத்தி’ என்று போட்டிருந்தார்கள். கன்ட்ரோலர், அதாவது கட்டுப்படுத்தி, என்பது ஒரு கட்டடத்தின் வைஃபை பெட்டிகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நடத்தும் கருவி. முதலில் பார்த்தபோது விட்டுவிட்டேன். இப்போது மூன்றாவது கையேட்டிலும் அதே சொல். இந்தச் சொல்லால் ஒரு விடுதி முழுக்க வைஃபை இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கன்ட்ரோல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாம் சுருள்தான் அதன் வேர். பேக்கப் என்றால் பின்னால் நின்று தாங்குவது. கணினித் துறையில் அதற்கு இரண்டு பொருள்: கோப்பின் நகல் ஒன்று, ஓடுகிற கருவி படுத்துவிட்டால் அதன் இடத்துக்கு வரும் கருவி இன்னொன்று. முதல் பொருளுக்குக் காப்புப்பிரதி அருமையான சொல். இரண்டாவதற்கு ஒட்டவே ஒட்டாது.

சிஸ்கோ அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஏபி (அக்சஸ் பாயின்ட்) என்பது வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி. கூரையில் மாட்டிய ஒவ்வொரு ஏபியிலும் முதன்மைக் கட்டுப்படுத்தியின் பெயரையும் ஐபி முகவரியையும், கூடவே இரண்டாவதன் பெயரையும் முகவரியையும் பதிந்து வைக்கிறோம். 2009இல் ஆர்எஃப்சி 5415 என்ற இணையத் தர ஆவணமாக வந்த கேப்வேப் நெறிமுறைப்படி ஏபியும் கட்டுப்படுத்தியும் பேசிக்கொள்ளும். நாம் மாற்றாதவரை 30 நொடிக்கு ஒருமுறை ஏபி ‘இருக்கிறாயா’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் அடுத்தடுத்துச் சிலமுறை கேட்டுவிட்டு இரண்டாவதிடம் போய்ச் சேரும். அந்த இரண்டாவதற்குத் தனிப் பெயர், தனி முகவரி. வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் அதிலும் நாம்தான் முன்கூட்டியே அமைக்க வேண்டும். இதில் எது பிரதி?

அந்த விடுதியில் நடந்தது இதுதான். கையேட்டைப் படித்த தம்பி, மெயின் கன்ட்ரோலரின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, ‘காப்புப்பிரதி’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, கருவிகளை அடுக்கும் ரேக்கிலேயே வைத்துவிட்டார். இரண்டாவது கன்ட்ரோலர் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் இரவு மெயினின் பவர் சப்ளை போனது. நான் போனபோது நடைபாதை முழுக்க ஏபி விளக்குகள் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரிந்து கட்டுப்படுத்தியைத் தேடிக்கொண்டிருந்தன. “அண்ணே, காப்புப்பிரதி எடுத்துட்டேனே” என்றார். அவர்மேல் தப்பே இல்லை. சொல் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்.

‘இரண்டு கன்ட்ரோலர்களை ஜோடியாகக் கட்டினால் ஒன்றின் அமைப்புகள் மற்றதில் அப்படியே பதியுமே, அப்போது பிரதி சரிதானே’ என்று ஒரு நண்பர் வாதாடினார். சரி, பதியும். ஆனால் நகலாவது அமைப்புகள்தான். பெட்டி விழித்தபடி முறை வருவதற்குக் காத்து நிற்கிறது. பிரதி காத்து நிற்குமா? அலமாரியில் கிடக்கும்.

‘துணைக் கட்டுப்படுத்தி’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. துணை என்றால் கூடவே வேலை செய்வது. பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்று படிப்பவர் நினைப்பார்.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. ஊருக்குப் போகும்போது மாற்றுத்துணி எடுத்துக்கொள்கிறோம். நெடுந்தூரப் பேருந்தில் மாற்று ஓட்டுநர் வருகிறார். ஆக, மாற்றுக் கட்டுப்படுத்தி. சிலர் ‘மாற்று’ என்றால் வேறொரு தெரிவு என்று ஆகிவிடாதா என்கிறார்கள். மாற்றுத்துணி என்றதும் எவருக்கும் அந்தக் குழப்பம் வந்ததில்லையே.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். பட்டியலில் ‘பேக்கப்’ என்றதும் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று ரேக் பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்று. முதன்மை சரியாகி வந்ததும், திரும்பும் வசதியை அணைத்து வைக்காதவரை, ஏபிகள் தாமாகவே அதனிடம் திரும்பிவிடும். இரண்டாவது மறுபடி காத்திருக்கும். மாற்று ஓட்டுநரும் தன் முறை முடிந்தால் சீட்டில் போய்ச் சாய்ந்துகொள்கிறார்.