ஐப்பசியில் நாய்க்கு முதல் கறிச்சோறு போடும் முன்

புரட்டாசி முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது. நாய்க்கும் அதேதான், தயிர்சோறு, பருப்புச்சோறு. ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வெந்ததும், "பாவம், ஒரு மாசமா வாயைக் கட்டிப் போட்டாச்சு" என்று கொழுப்பும் எலும்பும் குழம்புச்சோறுமாகத் தட்டு நிறைய வைக்கிறார்கள். மறுநாள் காலையில் பாளையங்கோட்டையிலிருந்தும் பெருமாள்புரத்திலிருந்தும் ஆட்டோ ஆட்டோவாகக் கால்நடை மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். பிறகு தீபாவளி. இட்லி, கறிக்குழம்பு என்று மறுபடியும் அதே கூட்டம். வருஷா வருஷம் வாய்வலிக்கச் சொல்கிறேன். இந்த வாரம் வந்த ஒரு லேப்ரடாரைப் பார்த்த பிறகு எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அது முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. "நேத்து ராத்திரியில இருந்து சோம்பல் முறிச்சுக்கிட்டே இருக்கு டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். வயிற்றில் கை வைத்ததும் உடம்பை இறுக்கிக்கொண்டு முனகியது. சோம்பல் முறிப்பது ஒரு நொடியில் முடிந்துவிடும். இப்படித் திரும்பத் திரும்ப நின்று, கூடவே வாந்தியும் எடுத்தால் அது வயிற்றுவலி. கொழுப்பு மிகுந்த சாப்பாடு திடீரென்று போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த நாய் ட்ரிப் ஏற்றிப் பிழைத்துக்கொண்டது. எல்லா நாய்க்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இதைவிட என்னை அதிகம் நோகடிப்பது ஒரு பேச்சு: "இந்தத் தீனி இதுக்கு ஒத்துக்கல டாக்டர்."

நேற்று வரை சோறு தின்ற நாய்க்கு இன்று காலை முதல் முழுக்கப் பாக்கெட் தீனி. நாளைக்குப் பேதி. உடனே "இந்தக் கம்பெனி சரியில்லை" என்று வேறு பாக்கெட் வாங்குகிறார்கள். பேதி கூடுகிறது. யாரோ சொன்னார்கள் என்று அதையும் நிறுத்திவிட்டுப் பாலும் பிரெட்டும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, அதனால் இன்னும் மோசம். ஒரு வாரத்துக்குள் நாலு சாப்பாடு மாற்றிவிட்டு, ஐந்தாவதாக எது நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். அண்ணாச்சி, முதலில் வாங்கிய பாக்கெட்டிலேயே ஒரு குறையும் இருந்திருக்காது. ஒரே நாளில் மாற்றியதுதான் குறை. குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் பழகிய சாப்பாட்டைச் சுற்றித்தான் வாழ்கின்றன, அவை மாறிக்கொள்ள நாள் வேண்டும். நாலு நாளைக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தக் குடல் எதற்குத்தான் பழகும்? உண்மையிலேயே ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாத நாய்களும் உண்டு. ஆனால் மெதுவாக மாற்றிப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். நாட்டு நாய், சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்றால் கல்லையும் செரிக்கும் என்பதும் வெறும் பேச்சு. அவற்றுக்கும் இதே குடல்தான்.

மாற்றுவது எளிது. முதல் இரண்டு மூன்று நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிக்குப் பாதி. அப்புறம் பழையது கால், புதியது முக்கால். ஏழிலிருந்து பத்து நாளில் முழுக்க மாற்றிவிடலாம். நடுவில் மலம் இளகினால் மேலே போகாதீர்கள், முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். தடுப்பூசி, பூச்சி மருந்து, ஊர்ப்பயணம் இருக்கிற வாரத்தில் மாற்ற வேண்டாம். குட்டி வாங்கி வருகிறவர்கள் அங்கே என்ன தின்றது என்று கேட்டு, முதலில் அதையே கொடுங்கள்.

அளவிலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். அதே எடை உலர்ந்த பாக்கெட் தீனியில் 350க்கு மேல். சோறு வைத்த அதே எடைக்குத் தீனியைப் போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் கலோரி போட்டுவிட்டீர்கள். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கறி கொடுக்க ஆசையா? தாராளமாகக் கொடுக்கலாம். கொழுப்பு, தோல் நீக்கி, மசாலா இல்லாமல் வேகவைத்து, முதல் நாள் நாலு துண்டு போதும். வெங்காயம், பூண்டு வதக்கிய குழம்பு வேண்டவே வேண்டாம், அது ரத்த அணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பூனை வளர்ப்பவர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் விரதத்தில் அதைச் சேர்க்காதீர்கள். பூனைக்கு மாமிசம் இல்லாமல் உடம்பு ஓடாது. "பசிச்சா தின்னும்" என்று புதிய தீனியை வைத்துவிட்டுக் காத்திருக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தால், அதுவும் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்பு படிந்து பிழைப்பதே கஷ்டமாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் பழைய சாப்பாட்டையே கொடுத்துவிட்டு எங்களைக் கேளுங்கள்.

குட்டிக்கு வாந்தியும், ரத்தம் கலந்த நாற்றமடிக்கும் பேதியும் இருந்தால் தீனி மாற்றியதுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அது பார்வோ என்கிற உயிரைப் பறிக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம், தடுப்பூசி போடாத குட்டியென்றால் அன்றைக்கே வர வேண்டும். வளர்ந்த நாயும் குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தால், எழுந்திருக்காமல் கிடந்தால் காத்திருக்காதீர்கள். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். வரும்போது தீனிப் பாக்கெட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். காலையில் போன மலத்தில் கொஞ்சம் மூடிபோட்ட டப்பாவில் எடுத்துவந்தால் புழுவா, வேறு ஏதாவதா என்று உடனே பார்த்துவிடலாம்.