குற்ற வரைபடத்தில் ஏறாத புள்ளிகள்

எங்கள் பகுதியில் நடக்கும் வழிப்பறியையும் வாகனத் திருட்டையும் கூகுள் மேப்பில் குறித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாமா என்று குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கேட்பதுண்டு. தாராளமாக வைக்கலாம், எந்த ஆவணத்தை நம்பிப் புள்ளி வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையோ சென்னையை ஒரே நகரமாகக் கணக்கிடுவதால், அதை வைத்து நம் தெருவின் நிலையை அறிய முடியாது. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையானதை மட்டுமே அது எண்ணுகிறது.

வழக்கறிஞரான என்னிடம் கட்சிக்காரர்கள் கொண்டுவரும் சிஎஸ்ஆர் ரசீதுகளில் (வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்கு மட்டும் காவல் நிலையம் தருவது) அடிக்கடி காணும் வாசகம், 'செல்போன் தவறிவிட்டது' என்பது. விசாரித்தால், வில்லிவாக்கத்திலோ வியாசர்பாடியிலோ பேருந்துக்காக நின்றவரின் கையிலிருந்து பைக்கில் வந்தவர்கள் பறித்துச் சென்றிருப்பார்கள். புதிய சிம் வாங்க ஏதாவது ஒரு ரசீது கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், நிலையத்தில் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வழக்கே பதிவாகாததால் அந்தத் தெரு வரைபடத்தில் சுத்தமாகத் தெரியும். ஒழுங்காக வழக்குப் பதியும் நிலையத்தின் எல்லைதான் சிவந்து கிடக்கும்!

2024 ஜூலை முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாகவே வரையறுக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் துணை ஆணையருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம்.

வெளிப்படைத்தன்மைக்கும் எல்லை உண்டு. 2024 டிசம்பரில் சென்னை மாணவி ஒருவரின் பாலியல் புகார் மீதான முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடும் தனிநபருக்கும் அதே சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை உண்டு. இங்கிலாந்துக் காவல்துறையின் இணைய வரைபடம்கூடச் சம்பவம் நடந்த வீட்டைக் காட்டுவதில்லை. அருகிலுள்ள பொதுவான இடத்துக்குப் புள்ளியை நகர்த்திவிடுகிறது. நீங்களும் தெரு, தேதி, நேரம், குற்றத்தின் வகை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிசிடிவியில் பதிந்த முகத்துக்குக் கீழே 'திருடன்' என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மீதே வரலாம். வழக்கு எண்ணையும் வரைபடத்தில் போட வேண்டாம். அதைக் கொண்டு அறிக்கையைத் திறப்பவர் புகார்தாரரின் பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றையும் படித்துவிடலாம் என்பதால், அந்த எண் சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.